ஹோட்டல் கட்டியவர் தூதராகலாமா?

அமெரிக்கத் தூதர் பதவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நெடுங்காலம் வெளியுறவுப் பணியில் இல்லாதவர்களுக்கே போய்வந்தது. தேர்தலுக்கு நிதி திரட்டிய தொழிலதிபர்கள் அவர்களில் பலர். இவர்களை அடியோடு தடுக்க வேண்டும் என்பது பழைய கோரிக்கை. ஜார்ஜ் சூனிஸின் கதை தெரிந்த பிறகு அதை அப்படியே ஏற்க முடியவில்லை. நியூயார்க் வழக்கறிஞரான இவர் ‘சார்ட்வெல் ஹோட்டல்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி ஹோட்டல்கள் கட்டியவர். ஒபாமாவின் 2012 தேர்தலுக்குப் பெரும் நிதி திரட்டினார். அடுத்த ஆண்டே நார்வே தூதராக முன்மொழியப்பட்டார். 2014 ஜனவரியில் செனட் குழு விசாரித்தபோது, மன்னராட்சி நாடான நார்வேக்கு அதிபர் இருப்பதாகப் பேசினார். ஆளும் கூட்டணியிலேயே இருந்த முன்னேற்றக் கட்சியை, அரசு கண்டிக்கும் உதிரிக் குழுபோல் சித்திரித்தார். எதிர்ப்பு வலுத்தது, அந்த டிசம்பரில் விலகினார். புதிய தூதர் ஆஸ்லோ போய்ச் சேர 2016 ஆகிவிட்டது.

அதே மனிதரை 2022இல் பைடன் கிரேக்கத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் அவர். கிரேக்கத்துக்கு எஃப்-35 போர் விமானங்கள் விற்க வாஷிங்டன் 2024இல் ஒப்புதல் தந்தது அவர் காலத்தில்தான். முழுப் பெருமையையும் அவருக்கே கொடுப்பது நியாயமில்லை. முன்பிருந்த தூதர் ஜெஃப்ரி பயட், தொழில்முறை ராஜதந்திரி, நல்ல அடித்தளம் போட்டுவிட்டே போயிருந்தார். ஆனாலும் சூனிஸ் அந்த உறவைக் கெடுக்கவில்லை, வளர்த்தார். ஆள் அவரேதான், தொழிலும் அதேதான். போகும் நாட்டைப் பற்றிய அறிவு இருந்ததா இல்லையா என்பதே ஆஸ்லோவையும் ஏதென்ஸையும் பிரித்தது.

தூதரகத்தில் அனுபவசாலிகள் இருக்கிறார்களே, தலைவருக்கு எல்லாம் தெரிய வேண்டுமா என்று கேட்பார்கள். குறிப்பு எழுதித் தர அவர்களால் முடியும். அமைச்சர் எதிரே உட்கார்ந்து எதிர்பாராத கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் தூதர். அப்படியானால் பூர்வீகம் பார்த்துத்தான் அனுப்ப வேண்டுமா என்பது இன்னும் கனமான கேள்வி. வேண்டியதில்லை, பூர்வீகம் ஒரு வழி, படிப்பு இன்னொரு வழி. சூனிஸ் ஒரு மாதம் உட்கார்ந்து படித்திருந்தாலே நார்வேயின் அரசமைப்பு பிடிபட்டிருக்கும். 1980ஆம் ஆண்டின் வெளியுறவுப் பணிச் சட்டம் இதைத்தான் கேட்கிறது: அந்த நாட்டின் மொழி, வரலாறு, அரசியல் பற்றிய அறிவு வேண்டும், தேர்தல் நன்கொடை தகுதியாகக் கூடாது. ஒவ்வொரு நியமனத்தோடும் தகுதி அறிக்கை ஒன்றை அதிபர் செனட் குழுவுக்குத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த அறிக்கையைச் சடங்காகப் புரட்டாமல், நாட்டைப் பற்றிய கேள்விகளை அதிலிருந்தே எடுத்து, விசாரணைக்கு முன்பே செனட்டர்கள் கேட்டாக வேண்டும்.