முறையினுள் மாறிகளின் எல்லை

மாணவர்களே, ஒரு மாறி செய்நிரலின் எப்பகுதியில் செல்லுபடியாகுமோ அப்பகுதியே அம்மாறியின் எல்லை எனப்படும். இணையப் பக்கங்களை ஆக்கப் பயன்படும் பிஎச்பி மொழியில், வகுப்பொன்றினுள் எழுதப்படும் பங்ஷன் முறை எனப்படும். முறையினுள் எம்மாறி தெரியும், எது தெரியாது என்பதிலேயே பலர் தடுமாறுவர். பின்வரும் செய்நிரலை நோக்குக. (கட்டளைச் சொற்கள் இங்கு ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன. கணினியில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சுச் செய்க.)

$வரி = 10;
கிளாஸ் பற்றுச்சீட்டு {
  பப்ளிக் $விலை = 200;
  பங்ஷன் மொத்தம்() {
    $விலை = 50;
    ரிட்டர்ன் $திஸ்->விலை + $வரி;
  }
}
$சீட்டு = நியூ பற்றுச்சீட்டு();
எக்கோ $சீட்டு->மொத்தம்();

60 என்றோ 210 என்றோ விடையெழுதத் தோன்றும். சரியான விடை 200 ஆகும். காரணங்கள் வருமாறு:

1. $திஸ்->விலை என்பது அப்பொருளின் பண்பு. அதன் பெறுமானம் 200.

2. முறையினுள் உள்ள $விலை ஓர் உள்ளக மாறி. பெயர் ஒன்றாயினும் பண்பு வேறு, இது வேறு. முறை முடிந்ததும் இது அழிந்துவிடும்.

3. $வரி முறைக்கு வெளியே உள்ளது. பிஎச்பியில் அது முறையினுள் தானாகத் தெரியாது. எனவே உள்ளே பெறுமானமற்றதாகி, கூட்டலில் 0 எனக் கொள்ளப்படும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் வெளி மாறியை உள்ளிருந்தே வாசிக்கலாம். இவ்வேறுபாட்டை மறவாதீர்கள்.

இத்தவறினால் செய்நிரல் நின்றுவிடாது. முன்னைய பதிப்புகளில் சாதாரண அறிவித்தல் மட்டுமே தோன்றியது. 2020 இல் வெளியான 8.0 பதிப்பு முதல் அது எச்சரிக்கையாக உயர்த்தப்பட்டது. எச்சரிக்கை திரையில் தோன்றாதவாறு வழங்கி அமைக்கப்பட்டிருப்பின், வரி சேராத பற்றுச்சீட்டே வாடிக்கையாளரின் கையிற் சேரும். பிழை ஒருவர் கண்ணிலும் படாது.

திருத்தும் முறை: தேவையான பெறுமானத்தைப் பரமானமாக அனுப்புக.

பங்ஷன் மொத்தம்($வரி) {
  ரிட்டர்ன் $திஸ்->விலை + $வரி;
}
எக்கோ $சீட்டு->மொத்தம்($வரி);

வெளியீடு 210 ஆகும். முறையினுள் குளோபல் $வரி; என எழுதினாலும் வெளி மாறி கிடைக்கும். ஆயினும் வேறோரிடத்தில் $வரி மாற்றப்பட்டால் மொத்தமும் மாறிவிடும். ஆதலால் பரமானமே சிறந்தது.

நினைவிற் கொள்க: அம்புக்குறிக்குப் பின் $ குறி இடலாகாது. $திஸ்->$விலை என எழுதினால், $விலையின் பெறுமானத்தையே பண்பின் பெயராகக் கொண்டு கணினி தேடும்.

பயிற்சி: திருத்திய முறையின் முதல் வரியாக $திஸ்->விலை = 50; எனச் சேர்த்தால் வெளியீடு யாது?
விடை: 60. இங்கு மாற்றப்படுவது உள்ளக மாறியன்று, பொருளின் பண்பே.