எண்பத்தைந்து பிட்காயின்

ஆஸ்டினிலிருந்து வடக்கே ஐ-35 நெடுஞ்சாலையில் போனால் சற்று நேரத்தில் ரவுண்ட் ராக் வந்துவிடும். டெல் கம்பெனியின் தலைமையகம் அங்கேதான். 2014 ஜூலையில் டெல், தன் இணையக் கடையில் பிட்காயினையும் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. சில நாட்களிலேயே பவர்எட்ஜ் சர்வர்களுக்காக 85 பிட்காயினுக்கு ஓர் ஆர்டர் வந்திருப்பதாக மைக்கேல் டெல் ட்விட்டரில் சொன்னார். அன்றைய மதிப்பில் சுமார் 50,000 டாலர்.

அந்த 85 பிட்காயின் பிறகு என்ன பெறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2015 ஜனவரியில் ஒரு பிட்காயின் 200 டாலருக்கும் கீழே போனது. 85-க்கும் சேர்த்து 17,000 டாலர்கூட இல்லை. 2017 டிசம்பரில் ஒன்றின் விலை 20,000 டாலரை நெருங்கியது. மொத்தம் 16 லட்சத்துக்கு மேல். அடுத்த டிசம்பரில் 3,200 டாலர் அளவுக்குச் சரிந்தது. 2025 அக்டோபரில் 1,26,000 டாலரைத் தொட்டபோது 85-இன் மதிப்பு ஒரு கோடி டாலருக்கும் மேல். ஆக, சர்வர் வாங்கியவர் ஆறு மாதத்தில் மகா கெட்டிக்காரர், மூன்றரை வருடத்தில் அசடு. செய்ததென்னவோ ஒரே காரியம்தான்!

டெல்லுக்கு இந்தத் தலைவலி கிடையாது. விலையை டாலரில்தான் வைத்திருந்தது. வந்த பிட்காயினை காயின்பேஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டு டாலராகக் கொடுத்துவிடும். 2017-இல், கேட்பார் குறைவு என்று அந்த ஏற்பாட்டையே டெல் நிறுத்திவிட்டது.

லாபத்துக்காக வாங்கி விற்பவருக்கு இப்படி ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. சந்தை என்றால் பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடும் நம்மூர் வாரச்சந்தை நினைவுக்கு வரும். இதுவோ கலையாத சந்தை. இரவு பகல், ஞாயிறு தீபாவளி எதுவும் கிடையாது. அமெரிக்கப் பங்குச்சந்தையில் எஸ் அண்ட் பி 500 குறியீடு பகலில் 7 சதவீதம் விழுந்தால் பதினைந்து நிமிடம் வியாபாரத்தை நிறுத்துவார்கள். 20 சதவீதம் என்றால் அன்றைக்குக் கடையையே மூடிவிடுவார்கள். கிரிப்டோவில் அப்படிப் பொதுவான கடிவாளம் இல்லை. 2020 மார்ச் 12 அன்று ஒரே நாளில் பிட்காயின் ஏறத்தாழ 40 சதவீதம் விழுந்தது.

விழுகிற வேகத்துக்கு முக்கியக் காரணம் கடன். கையில் 1,000 டாலர் வைத்துக்கொண்டு 10,000 டாலருக்கு வாங்கியவரின் முதல், விலை 10 சதவீதம் இறங்கினால் முழுதாகப் போய்விடும். அதற்கு முன்பே சந்தை நடத்துபவர் அவரைக் கேட்காமல் விற்றுவிடுவார். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும், அது அடுத்தவரைச் சாய்க்கும். 2025 அக்டோபர் 10 அன்று, சீனப் பொருட்கள்மேல் 100 சதவீதக் கூடுதல் வரி என்று டிரம்ப் அறிவித்ததும், ஒரு நாளைக்குள் 1,900 கோடி டாலருக்கும் அதிகமான கடன் பந்தயங்கள் இப்படி முடிக்கப்பட்டன. பிட்காயின் நெடுங்காலத்தில் ஏறும் என்று நம்பியவர்களின் கணிப்பு சரியாகவே இருந்திருக்கலாம். அதைப் பார்க்க அவர்கள் கணக்கில் பணம் இல்லை. என்னைக் கேட்டால், கடனைத் தொடாமலிருப்பதே பாதி வைத்தியம்.

மீதிப் பாதி, எவ்வளவு போடுவது என்பதை அமைதியான நாளிலேயே முடிவு செய்வது. 50 சதவீதம் இழந்தால் பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். 75 சதவீதம் இழந்தால் 300 சதவீதம். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் விலை ஏறுகிற காலத்தில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

'ஸ்டாப் ஆர்டர் போட்டிருக்கிறேன், பயமில்லை' என்பார்கள் நண்பர்கள். 50,000 டாலருக்கு ஸ்டாப் வைத்தால் அந்த விலையில் விற்கும் என்று அர்த்தமில்லை. விலை அங்கே வந்ததும் கிடைத்த விலைக்கு விற்கும். சரிவில் அது 47,000 ஆகவும் இருக்கலாம். ஸ்டாப்-லிமிட் என்றால் குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்காது. சமயத்தில் விற்கவே விற்காது.

வரியையும் மறக்க வேண்டாம். டெக்ஸாஸில் மாநில வருமான வரி இல்லை, மத்திய அரசுக்கு உண்டு. 2014 மார்ச்சிலேயே ஐ.ஆர்.எஸ். இதைப் பணமாக அல்ல, சொத்தாகக் கருதுவதாகச் சொல்லிவிட்டது. ஆகவே 85 பிட்காயினுக்கு சர்வர் வாங்கியவர் வரிக்கணக்கில் சொத்து விற்றவரும் ஆகிறார். நஷ்டத்தை மற்ற மூலதன லாபங்களில் கழித்தபின், சம்பளம் போன்ற வருமானத்தில் ஆண்டுக்கு 3,000 டாலர் வரை கழிக்கலாம், மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும். ஊரிலிருக்கும் தம்பிக்கு அந்தச் சலுகையும் இல்லை: இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது.