பாகிஸ்தானுடன் ‘நோ டாக்ஸ்’: கதவு முழுசா மூடியிருக்கா?

தாம்பரம், பல்லாவரம் பக்கத்திலிருந்து டெல்லி போய், அங்கிருந்து ஏர் இந்தியாவில் அமெரிக்கா பறந்தவர்களுக்குத் தெரியும்: பயண நேரம் கூடிவிட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஏப்ரல் 30-ல் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. டெல்லி - வாஷிங்டன் சேவையை செப்டம்பர் 1 முதல் ஏர் இந்தியா நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

எப்போ ஆரம்பிச்சது?

2015 டிசம்பர் 25-ல் பிரதமர் மோடி திடீரென லாகூர் போனார். ஒரே வாரத்தில், 2016 ஜனவரி 2-ல், பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டது. நடக்கவிருந்த வெளியுறவுச் செயலாளர்கள் பேச்சுவார்த்தை தள்ளிப்போனது. முழு அளவிலான பேச்சு அதன் பிறகு தொடங்கவே இல்லை. பயங்கரவாதம் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்பது சரிப்படாது என்பதே இந்தியாவின் நிலைப்பாடு.

2025-ல் என்ன மாறியது?

ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். மறுநாளே சிந்து நதி ஒப்பந்தம் நிறுத்திவைக்கப்பட்டது, அட்டாரி எல்லைச் சாவடி மூடப்பட்டது. அடுத்தடுத்து விசா, இறக்குமதி, தபால், பார்சல் எல்லாம் கட்.

அப்போ பேச்சே இல்லையா?

இருக்கு, ஆனா வாசல் வழியா இல்லை, ஜன்னல் வழியா. மே 10 அன்று சண்டையை நிறுத்தியதே இரு ராணுவ அதிகாரிகளுக்கு இடையிலான ஒரு போன் கால்தான். ஆகஸ்டில் வெள்ள எச்சரிக்கையை, வழக்கமான சிந்து நதி ஆணையம் வழியாக அனுப்பாமல், தூதரகம் வழியாக இந்தியா அனுப்பியது. அணுசக்தி நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஜனவரி 1 தோறும் இரு நாடுகளும் பரிமாறிக்கொள்கின்றன.

சென்னைக்கு என்ன சம்பந்தம்?

உறுப்பு மாற்று சிகிச்சைக்கு பாகிஸ்தான் நோயாளிகள் தேடி வந்த நகரம் இது. அவர்களின் மருத்துவ விசாக்களுக்கும் ஏப்ரல் 29 வரைதான் கெடு. 2023 ஆகஸ்டில் எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் இந்தியா - பாகிஸ்தான் மோதின. 2025 இறுதியில் சென்னை, மதுரையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்கு பாகிஸ்தான் வரவில்லை. ஓமன் வந்தது. இத்தனைக்கும் பல நாடுகள் ஆடும் போட்டிகளுக்கு பாகிஸ்தான் வரத் தடையில்லை என்பதுதான் இந்திய அரசின் விளையாட்டுக் கொள்கை.

லாபமா, நஷ்டமா?

‘அடியும் வாங்கிட்டுப் பேசவும் செய்யணுமா?’ என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. பேசிய காலத்திலும் தாக்குதல் நின்றுவிடவில்லை. ஆனால் மௌனத்தின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். 2025 ஜூலை 1 பட்டியல்படி பாகிஸ்தான் சிறைகளில் இருந்த இந்திய மீனவர்கள் மட்டும் 193 பேர். பட்டியல் கைமாற ஜன்னல் போதும். ஆட்கள் வீடு திரும்ப, யாராவது கதவைத் திறந்தாகணும்.