ஒரே நோய்த்தொற்று, வெவ்வேறு விளைவுகள்: சிலருக்கு மட்டும் நோய் தீவிரமடைவது ஏன்?

ஒரே வீட்டில் இருவருக்கு ஒரே காய்ச்சல் வருகிறது. ஒருவர் சில நாட்களில் எழுந்து நடமாடுகிறார்; மற்றவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுகிறார். "ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே உணவை உண்டோம், இவருக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பது உறவினர்கள் மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. விடையின் ஒரு பகுதி கிருமியின் வகையிலும் அளவிலும் உள்ளது. மற்றொரு முக்கியப் பகுதி நோயாளியின் உடலில் உள்ளது. அதனை அறிந்துகொள்வது, உரிய நேரத்தில் மருத்துவமனைக்குச் செல்லும் முடிவை எடுக்க உங்களுக்கு உதவும்.

செப்சிஸ் என்றால் என்ன?

கிருமி உடலுக்குள் நுழைந்ததும் நோய் எதிர்ப்பு மண்டலம் அதனை அழிக்க முற்படுகிறது. காய்ச்சல், வீக்கம், உடல்வலி ஆகியவை இப்போராட்டத்தின் அடையாளங்களே. சிலருக்கு இந்த எதிர்வினை கட்டுப்பாட்டை இழந்து, நுரையீரல், சிறுநீரகம், இதயம், மூளை போன்ற சொந்த உறுப்புகளையே பாதிக்கத் தொடங்குகிறது. உயிருக்கு ஆபத்தான இந்நிலையே செப்சிஸ் எனப்படுகிறது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, வயிற்றுத் தொற்று, காலில் ஏற்பட்ட புண் என எந்தத் தொற்றும் இந்நிலைக்கு இட்டுச் செல்லலாம்.

எதிர்ப்பாற்றல் இருவகையில் தவறலாம். ஒன்று, தொடக்கத்திலேயே கிருமியைத் தடுக்கத் தவறுதல். மற்றொன்று, அளவுக்கு மீறிச் செயல்பட்டு உறுப்புகளைச் சிதைத்தல். ஒரே நோயாளியிடம் இவ்விரண்டும் காணப்படலாம். கடும் தொற்றிலிருந்து மீண்டு வருபவரின் எதிர்ப்பாற்றல் சில காலம் சோர்ந்திருப்பதால், அவருக்குப் புதிய தொற்று எளிதில் ஏற்படலாம்.

மரபணுக்களின் பங்கு

டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 1988ஆம் ஆண்டு வெளியானது. பெற்ற தாய் அல்லது தந்தை 50 வயதிற்குள் தொற்றுநோயால் இறந்திருந்தால், பிள்ளைக்கும் அவ்வாறு இறக்கும் வாய்ப்பு 5 மடங்கிற்கும் மேல் அதிகமாக இருந்தது. வளர்த்த பெற்றோர் தொற்றால் இறந்திருந்தபோது இத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஒரே வீட்டில் வாழ்வதால் மட்டுமன்றி, பிறப்பு வழியாகவும் இவ்வேறுபாடு வருகிறது என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

கொரோனா பெருந்தொற்று இதனை மேலும் தெளிவாக்கியது. வைரஸ் நுழைந்ததும் உடல் முதலில் சுரக்கும் தற்காப்புப் புரதம் இன்டர்ஃபெரான் ஆகும். 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 கொரோனா நோயாளிகளில் 101 பேரின் இரத்தத்தில், இந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருட்கள் இருந்தன. லேசான நோய் கண்ட அல்லது அறிகுறியே இல்லாத 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. வேறு சில நோயாளிகளிடம், இன்டர்ஃபெரான் சுரப்பிற்குத் தேவையான மரபணுக்களில் பிறவிக் குறைபாடு கண்டறியப்பட்டது. இவர்களில் பலர் அதுவரை நலமாகவே வாழ்ந்து வந்தவர்கள்.

எனினும், மரபணு ஒன்றே முடிவைத் தீர்மானிப்பதில்லை. தீவிர கொரோனாவுடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட ஒரு மரபணுப் பகுதி, தெற்காசிய மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் உள்ளது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நோய் கண்டும் வீட்டிலேயே குணமடைந்தனர். வயதும் உடன் உள்ள நோய்களும் பெரும் பங்கு வகிக்கின்றன.

பிறப்பிற்குப் பின் வரும் வேறுபாடுகள்

டெங்கு இதற்கு நாம் நன்கறிந்த சான்று. டெங்கு வைரஸ் 4 வகைப்படும். ஒரு வகையால் தாக்கப்பட்டவருக்குப் பின்னர் வேறொரு வகைத் தொற்று ஏற்பட்டால், முதல் தொற்றின்போது உருவான எதிர்ப்பொருட்கள் சில வேளைகளில் புதிய வைரஸ் அணுக்களுக்குள் நுழைய உதவிவிடுகின்றன. ஆகவே, "முன்பு டெங்கு வந்தபோது தானாகவே சரியாயிற்று" என்ற எண்ணத்தில் இம்முறையும் காத்திருத்தல் தவறாகும். காய்ச்சல் தணியும் நாட்களிலேயே டெங்குவின் அபாயக் கட்டம் தொடங்கலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு நோய், வெள்ளை அணுக்கள் கிருமிகளை அழிக்கும் திறனைக் குறைக்கிறது. முதுமை, ஊட்டச்சத்துக் குறைவு, சிறுநீரக மற்றும் கல்லீரல் நோய்கள், மதுப் பழக்கம், எச்.ஐ.வி. தொற்று, மண்ணீரல் அகற்றப்பட்ட நிலை, ஸ்டீராய்டு மற்றும் புற்றுநோய் மருந்துகள் ஆகியவையும் எதிர்ப்பாற்றலைப் பாதிக்கின்றன. முதியவர்களுக்குக் கடும் தொற்று இருந்தும் காய்ச்சல் இல்லாமற் போகலாம். திடீர்க் குழப்பமோ, உணவை மறுப்பதோ முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

ஒருவருக்குப் பயன்பட்ட மருந்து மற்றவருக்கும் பயன்படுமா?

பயன்படும் என்று கொள்ள இயலாது. டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என 2020ஆம் ஆண்டு பிரிட்டனில் நடைபெற்ற ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதே மருந்தால் நன்மை கிடைக்கவில்லை. எதிர்ப்பாற்றல் மிகைப்படும் கட்டத்தில் உதவும் மருந்து, அது கிருமியுடன் போராடும் கட்டத்தில் தடையாகலாம். எனவே உறவினருக்கோ அண்டை வீட்டாருக்கோ எழுதித் தரப்பட்ட ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மருந்துகளை நீங்கள் உட்கொள்ளாதீர்கள். நீண்ட நாட்களாக ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் அதனைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

தொற்று கண்ட அனைவருக்கும் மரபணுப் பரிசோதனை தேவையில்லை. பின்வரும் விவரங்களை நீங்கள் மறவாமல் கூறினாலே மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.

• குடும்பத்தில் குழந்தைகளோ இளம் வயதினரோ தொற்றுநோயால் இறந்திருந்தால் அவ்விவரம்
• நோயாளிக்கு நிமோனியா, சீழ்க்கட்டி, மூளைக்காய்ச்சல் போன்றவை மீண்டும் மீண்டும் வந்திருந்தால் அவ்விவரம்
• பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினர்களா என்பது
• உட்கொண்டுவரும் மருந்துகள், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், உடன் உள்ள நோய்கள்

சொந்தத்தில் மணம் புரிந்த பெற்றோரின் குழந்தைகளிடம் சில பிறவி எதிர்ப்பாற்றல் குறைபாடுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. உங்கள் குடும்பத்தில் முன்னர் ஒரு பச்சிளங்குழந்தை தொற்றால் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்குப் பி.சி.ஜி. போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகள் அளிக்கப்படும் முன் மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள். கடும் எதிர்ப்பாற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்கு அவை தீங்கு விளைவிக்கலாம். மற்றக் குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் உரிய காலத்தில் தவறாமல் போடப்பட வேண்டும்.

தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• மூச்சுத்திணறல் அல்லது வேகமான மூச்சு
• குழப்பமான பேச்சு, அளவு மீறிய உறக்கம், மயக்கம்
• சிறுநீர் வெகுவாகக் குறைதல்
• கை கால்கள் சில்லிட்டுப் போதல், தோல் வெளிறுதல் அல்லது திட்டுத்திட்டாக நிறம் மாறுதல்
• கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, இரத்தக்கசிவு
• குழந்தை பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், மூச்சு விடும்போது விலாப் பகுதி உள்வாங்குதல்

இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். செப்சிஸில் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்தைக் கூட்டுகிறது.

பராமரிப்பவர்களுக்கு

உங்கள் குடும்பத்தினர் ஒருவருக்கு நோய் தீவிரமடைந்தால், அது உங்கள் கவனக்குறைவால் நேர்ந்தது என்று உங்களையே வருத்திக்கொள்ள வேண்டாம். அவருடைய உடல் கிருமியை எதிர்கொள்ளும் விதத்தை எவராலும் முன்கூட்டியே கண்டுகொள்ள இயலாது. அடுத்த வீட்டார் எத்தனை நாளில் குணமடைந்தார் என்பதை அளவுகோலாகக் கொள்ளாமல், உங்கள் முன் படுத்திருப்பவரின் மூச்சையும் தெளிவையும் சிறுநீரின் அளவையும் கவனித்து வாருங்கள். அவற்றில் மாற்றம் கண்டால், காய்ச்சலின் முதல் நாளாயினும் காய்ச்சல் தணிந்த பின்னராயினும், அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.