உங்களுக்குத் தெரியுமா? கையை வீசினால் குத்து விழும்!

வீ என்பது வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவி. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2006 நவம்பரில் இதை வெளியிட்டது. பல நாடுகளில் இதனுடன் சேர்த்தே தரப்பட்ட ‘வீ ஸ்போர்ட்ஸ்’ தொகுப்பில் டென்னிஸ், பேஸ்பால், பௌலிங், கோல்ஃப், குத்துச்சண்டை என 5 ஆட்டங்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்ற குத்துச்சண்டைப் பரம்பரைகள் மோதிய வடசென்னைக்கு நன்கு பழகியது கடைசி ஆட்டம்தான். அதற்கு மட்டும் இரு கைக்கும் வேலை உண்டு: ஒரு கையில் ரிமோட், மறு கையில் அதோடு கம்பியால் இணைந்த நன்சக். இரண்டிலும் உள்ள முடுக்கமானிகள் கைவீச்சை அளக்க, ரிமோட் அதை புளூடூத் வழியே அனுப்பும். தொலைக்காட்சி அருகே வைக்கும் ‘சென்சார் பார்’ எதையும் உணர்வதில்லை; அகச்சிவப்பு ஒளியை உமிழ்வதோடு சரி. அதைப் பார்ப்பது ரிமோட்டின் முனையிலுள்ள கேமரா. உலகெங்கும் விற்ற வீ கருவிகள் 10 கோடிக்கும் மேல்.