கறுப்பு வெள்ளைப் படங்களிற் சிறுவர் விளையாட்டு

ஒளிப்படக்கலை தோன்றிய காலத்திலேயே குழந்தைகளைப் படம் பிடிக்கும் வழக்கமும் தோன்றிற்று. ஆயின் அவர்தம் விளையாட்டைப் படம் பிடித்தல் நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது. 1839 இல் உலகறிந்த தாகேர் முறையிலே தகடு ஒளியைப் பற்றுதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. பின்னர் அது சில விநாடிகளாகக் குறைந்தபோதும் அத்துணை நேரம் அசையாதிருத்தல் குழந்தைக்கு அரிது. ஆதலின், துணியால் மூடப்பட்ட தாயின் மடியிலே குழந்தையை இருத்திப் படமெடுத்தாரும் உளர். அப்படங்களிற் பந்து உண்டு, பொம்மை உண்டு, விளையாட்டு இல்லை.

விரைந்து ஒளிபற்றும் தகடுகளும் கையிலே பிடிக்கத்தக்க கமராக்களும் வந்த பின்னரே இக்குறை நீங்கிற்று. 1925 இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் சிறு கமரா இதனை மேலும் எளிதாக்கிற்று. அதனைக் கையாண்ட பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிறெசோன் 1933 இல் ஸ்பெயினின் செவில் நகரில் எடுத்த படம் ஒன்று புகழ்பெற்றது. இடிந்த சுவரின் பெருந்துவாரத்தினூடே சிறுவர் கூட்டம் ஒன்று தெரிகின்றது. ஊன்றுகோல்களோடு ஒரு சிறுவன் முன்னே வருகின்றான். இதனை உள்நாட்டுப் போரின் அழிவு என மயங்குவாரும் உளர். அப்போர் மூண்டதோ 1936 இல்! இடிபாட்டைக் கண்ட கண் விளையாட்டைக் காணாது விடுதல் எத்துணை எளிது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்துறையில் தனித்துப் போற்றத்தக்கவர் ஹெலன் லெவிற் அம்மையார். 1913 இல் நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிற் பிறந்த இவர், கார்த்தியே பிறெசோனின் படங்களால் ஈர்க்கப்பெற்று, 1936 இல் லைக்கா ஒன்றை வாங்கினார். அடுத்த ஆண்டிற் சிறுவர்க்குச் சித்திரம் கற்பிக்கச் சென்றபோது, தெருவிலும் சுவரிலும் அவர்கள் வெண்கட்டியால் வரைந்த கோலங்கள் இவர் கருத்தைக் கவர்ந்தன. ஒரு மழைக்கு நில்லாத கோடுகள் அவை. கரிய தார்வீதியில் வெள்ளைக் கோடு. கறுப்பு வெள்ளைப் படத்திற்கு இதனினும் பொருத்தமான பொருள் அரிது.

ஏறத்தாழ 1940 இல் இவர் எடுத்த படமொன்றில் இரு சிறுவர் பெரிய கண்ணாடிச் சட்டம் ஒன்றைத் தூக்கி நிற்கின்றனர். கண்ணாடி உடைந்துவிட்டது. வேறு சிறுவர் குனிந்து தெருவோரத்திலே சில்லுகளைப் பொறுக்குகின்றனர். வெறுஞ்சட்டத்தினூடே, மிதிவண்டியோடு ஒரு பாலன் தெரிகின்றான். முகம் பார்க்கும் பொருள் ஒரு நொடியில் வாயிலாகிவிட்டது! வளர்ந்தோர்க்கு அது நட்டம். சிறுவர்க்குப் புதியதொரு விளையாட்டுப் பொருள். சில்லு கையைக் கிழிக்குமே என்ற அச்சமும் பார்ப்பவர்க்கு எழாமற் போவதில்லை.

இத்தகைய படங்கள் எவ்வாறு கிடைத்தன? லெவிற் தம் கமராவிற் செங்கோணப் பார்வைக்கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். எடுப்பவர் ஒரு திசையை நோக்கி நிற்க, கமரா பக்கத்திலுள்ளதைப் பற்றும். இஃது ஏமாற்று அன்றோ எனின், ஒருவகையில் ஏமாற்றே. ஏழை மக்களின் தெருக்களிலேயே இது பெரிதும் நிகழ்ந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மதிலுக்குள்ளே விளையாடினர். ஆயினும் கமராவைக் கண்ட கணத்திலே கொள்ளைத்தலைவனாய் நின்றவன் பள்ளிச் சிறுவனாகிவிடுவான். கூட்டம் வரிசையாக நின்று சிரிக்கத் தொடங்கிவிடும். அன்றியும், அப்படங்களில் இரக்கம் தேடும் நோக்கமோ வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் நோக்கமோ இல்லை. முகமூடியணிந்து வாயிற்படியில் நிற்கும் மூன்று குழந்தைகளின் மிடுக்கைக் காண்போர் அவர்களை இரங்கத்தக்கவர் என எண்ணார்.

1943 இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை இவருடைய சிறுவர் படங்களைத் தனிக் காட்சியாக வைத்தது. லெவிற் 2009 இல் மறைந்தார். சிறுவர் தொலைக்காட்சியின் முன் வீட்டுக்குள் அடங்கிவிட, தெருக்கள் வெறுமையாயின என்பது முதுமையில் அவர் கொண்ட கருத்து. வெண்கட்டிக் கோலங்களின் படங்கள் 1987 இலே தனி நூலாயின. அவற்றை வரைந்த சிறுவர் அப்போது ஐம்பது வயதை அண்மியோ கடந்தோ இருப்பர்.