குமரியில் ஒரு குச்சி, டெல்லியில் ஒரு கைபேசி

டெல்லி அரசு 2022 ஆகஸ்டில் இணையவழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் சேர நாட்டின் எந்த ஊர் மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பாடம் வீடு தேடி வந்துவிடும், சரி. கல்விச் சுற்றுலா?

ஆசிரியர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நேரலை விட்டால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதில் தெரிவது முன்னால் நிற்பவர்களின் தலை, கேட்பது காற்றிரைச்சல். அதற்கு யூடியூபே மேல்.

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 2006இல் வேறு விதமாக யோசித்தது. பாறைச் சரிவில் ஏற முடியாத மாற்றுத்திறனாளி மாணவர்களும் நிலவியல் களப்பணியில் சேர வேண்டும். கையோடு எடுத்துச் செல்லும் கருவிகளால் களத்திலேயே ஒரு வைஃபை இணைப்பை ஏற்படுத்தினார்கள். மாணவர் களத்துக்கு அருகே வண்டியில் இருந்தபடி படம் பார்ப்பார், ஆசிரியரிடம் பேசுவார். 'இன்னும் கிட்டே போங்கள், அந்த விரிசலைக் காட்டுங்கள்' என்று கேட்கலாம். எதைப் பார்ப்பது என்று அவரே முடிவு செய்தார், விஷயமே அதுதான்.

டெல்லி ஜந்தர் மந்தரில் இதற்கு அருமையான வாய்ப்பு இருக்கிறது. மன்னர் இரண்டாம் ஜெய்சிங் 1724இல் கட்டிய அந்த வானாய்வு வளாகத்தின் சம்ராட் யந்திரம் சுமார் 70 அடி உயர நிழற்கடிகாரம். அது காட்டுவது உள்ளூர்ச் சூரிய நேரம். நம் கைக்கடிகாரத்தைவிடச் சராசரியாக 21 நிமிடம் பின்தங்கும். டெல்லியும் கன்னியாகுமரியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், இரண்டு ஊரிலும் உச்சிப்பொழுது ஓரிரு நிமிட இடைவெளியில் வந்துவிடும்.

குமரியில் இருக்கும் மாணவி வீட்டு முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சி நடட்டும். ஜந்தர் மந்தருக்கு வந்த வகுப்புத் தோழர்கள் அங்கே அதே அளவுக் குச்சி நடட்டும். செப்டம்பர் 23 அன்று பகல் 12.13 மணியளவில் டெல்லி நிழல் 55 சென்டிமீட்டர் இருக்கும். குமரி நிழல் வெறும் 14. இந்த நீளங்களிலிருந்து கணக்கிடும் இரண்டு சூரியக் கோணங்களுக்கும் வித்தியாசம் சுமார் 20.5 டிகிரி. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் வடக்கு தெற்காக ஏறக்குறைய 2,280 கிலோமீட்டர். அவள் அளவு வராமல் டெல்லிக் கணக்கு முடியாது. இனி வேடிக்கை பார்ப்பவள் என்று அவளைச் சொல்ல முடியுமா?

களத்தில் இருவர் வேண்டும்: ஒருவர் கைபேசி பிடிக்க, இன்னொருவர் காதில் இயர்போனோடு அவள் சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்ல. நேரலை துண்டித்தாலும் பாதகமில்லை. அளவையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம்.

மார்ச் 21ஆம் நாளும் இதே கணக்குக்குப் பொருந்தும். ஆனால் அது தேர்வுக் காலம், எந்தத் தலைமையாசிரியரும் சம்மதிக்க மாட்டார். செப்டம்பரில் மேகம் மறைத்தால் அடுத்த வாரம் இரண்டு ஊரிலும் ஒரே நாளில் அளக்கலாம். நிழலின் நீளம் மாறும், அந்த 20.5 டிகிரி மாறாது.